காரணம் கேட்ட இடத்தில்

குகதாசனுக்குப் பௌதிகவியலில் தெரிந்தது ஒரேயொரு சொல். அது அலகு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் வீட்டில் அடித்த கூத்துக் கொஞ்சநஞ்சமல்ல.

காலையில் இராசமலர் புட்டை அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எவ்வளவு போட?" என்று கேட்பாள்.

"ரெண்டு."

அவள் போடப்போனால் தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டிவிடுவார்.

"ரெண்டு என்ன? அலகு எங்கை? அலகு எழுதாட்டில் புள்ளி இல்லையெண்டு சோதினை திருத்தினவை எழுதி வைச்சிருக்கினம். நம்பாட்டி உம்மடை மோளைக் கேளும்."

"அகப்பைக் காம்பாலை ரெண்டு போட்டால் அது என்ன அலகப்பா?" என்பாள் இராசமலர்.

மகள் கஜானிக்குப் புரைக்கேறும். முதல் தரம் எழுதிய உயர்தரச் சோதினையில் இணைந்த கணிதத்துக்கும் இரசாயனத்துக்கும் 'பி' தரம் எடுத்தவள், பௌதிகத்தில் மட்டும் வெறும் பாஸான 'எஸ்'ஸோடு வந்து நின்றாள். பொறியியல் கைக்கெட்டாமல் போனது. பெறுபேறு வந்த அன்று அவள் அழுத அழுகையில் வீட்டில் உலை வைக்கவில்லை. இரண்டாம் தரம் எடுப்பதென்று முடிவானபோதுதான் அந்த அறிக்கை வீட்டுக்குள் வந்தது.

மருதனார்மடத்தில் ரியூசன் கொடுக்கிற அருட்செல்வன் சேர்தான் அதைக் கொடுத்தவர். அவர் சோதினைப் பேப்பர் திருத்தப் போகிறவர். பேப்பர் திருத்திவிட்டு வருகிற வாத்திமாருக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற மரியாதை சாதாரணமானதல்ல. சந்தையில் அவர்களுக்குக் கத்தரிக்காய்கூடச் சூத்தையில்லாமல் பொறுக்கிப் போடுவார்கள். சேர் கஜானியிடம் சொன்னது இவ்வளவுதான்: "கணக்குச் செய்தது காணும் பிள்ளை. எங்கையெங்கை பிழை விடுறியள் எண்டு திருத்தினவையே எழுதி வைச்சிருக்கினம். இனி அதைப் படி." சொல்லிவிட்டுப் போட்டோக்கொப்பி அடித்த மதிப்பீட்டு அறிக்கையை நீட்டினார்.

அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண்ணில் குகதாசனுக்கு ஒரு துண்டுத் தோட்டம். அந்த வருஷம் மிளகாயும் கொஞ்சம் கத்தரியும். கிணற்று மோட்டர் ஓடும்போது வாய்க்காலில் வருகிற தண்ணீரை மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து மறு பாத்திக்குத் திருப்ப வேண்டும். அதைத் தண்ணி மாறுவது என்போம். பாத்தி நிறையும்வரை நிற்பவருக்கு வேலையில்லை. கஜானி தண்ணி மாறிக்கொண்டே அறிக்கையைப் படிப்பாள். தகப்பன் புல்லுப் பிடுங்கிக்கொண்டே கேட்பார். ஒரு நாள் அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் குந்திவிட்டாள்.

"என்ன பிள்ளை, பூச்சி கீச்சி கடிச்சதோ?"

"இல்லையப்பா. இஞ்சை பாருங்கோ, நான் எழுதினதை அப்பிடியே எழுதியிருக்கினம். 'பம்பி கிணற்று நீரை இழுக்கிறது என எழுதியோருக்குப் புள்ளி வழங்கப்படவில்லை.' நான் அப்பிடித்தான் எழுதினனான்."

"இழுக்காமல் பின்னை என்ன செய்யுது? பரம்பரையா மோட்டர் தண்ணி இழுக்குது எண்டுதானே சொல்லுறம்."

"அதுதான் பிழையாம். பம்பி குழாயுக்குள்ளை இருக்கிற காத்தைத்தான் எடுத்துவிடுது. வெளியிலை இருக்கிற காத்து கிணத்துத் தண்ணியை அமத்த, அது குழாயுக்குள்ளாலை மேலை வருது. வளிமண்டல அமுக்கம்."

குகதாசன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார்.

"உந்தக் காத்தோ?"

"ஓமப்பா. காத்து அமத்துறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. கிட்டத்தட்டப் பத்து மீற்றருக்கு மேலை தண்ணியைத் தள்ளாது. பழைய பம்பியெண்டால் அதுவும் இல்லை. அதுதான் மோட்டரைக் கிணத்துக்குள்ளை இறக்கி வைச்சிருக்கிறம்."

"ஐயா காலத்திலை இருந்து இறக்கித்தான் வைக்கிறம். ஏனெண்டு இண்டைக்குத்தான் தெரியுது." சிரித்துவிட்டு மறுபடி புல்லில் கை வைத்தார். "அது சரி, பத்து எண்டால் பத்து மீற்றரோ, பத்து முழமோ? அலகைச் சொன்னனீதானே?"

"சொன்னனானப்பா!"

அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது. 'காரணம் கேட்கப்பட்ட இடத்தில் பலர் நடந்ததையே திருப்பி எழுதியுள்ளனர்.' கஜானி அதன் கீழ் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்தாள். கோடு போடும்போது அது தன்னை என்ன பாடு படுத்தப்போகிறதென்று அவளுக்குத் தெரியாது.

புரட்டாதி வெயிலில் மோட்டர் எரிந்தது. கரண்ட் ஏறி இறங்கி வந்த நாட்கள் அவை. மோட்டருக்குக் கம்பி சுற்றக் கொடுத்த இடத்தில், கொழும்பிலிருந்து செப்புக் கம்பி வரவில்லை, கப்பல் வரவில்லை என்று கதை சொன்னார்கள். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. பகலில் இலை சுருண்டு தொங்கும். பின்னேரம் கொஞ்சம் தலை நிமிரும். பிறகு பின்னேரமும் நிமிரவில்லை. இராசமலர் வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குடத்தில் சுமந்து வரம்போரத்துக் கன்றுகளுக்கு ஊற்றினாள். அது எந்த மூலைக்குக் காணும்?

அடுத்த தோட்டக்காரன் சிமியோன். வீடும் அடுத்த வீடுதான். அவனிடம் தண்ணீர் இறைக்கிற ஒரு பழைய மண்ணெண்ணெய் மிசின் இருந்தது. தேவாலயத் திருநாளுக்கும் குகதாசன் வீட்டுப் பொங்கலுக்கும் இரண்டு வீட்டுச் சட்டிகளும் வேலிக்கு மேலால் போய்வருகிற உறவு. கேட்க முதலே மிசினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வரிசையில் நின்று எடுத்த மண்ணெண்ணெயும் ஒரு கானில் இருந்தது.

கிணற்றுக் கட்டோரம் வைத்து, கயிறு சுற்றி இழுத்தார்கள். மிசின் இருமியது, புகைத்தது, ஓடியது. தண்ணீர் மட்டும் வரவில்லை. குழாயில் தண்ணீர் விட்டு நிரப்பிப் பார்த்தார்கள். வாய்க்கால் வாயில் ஒரு கை நீர் துப்பிவிட்டு அதுவும் நின்றது.

"இழுக்குதில்லை அண்ணை," சிமியோன் நெற்றியைத் துடைத்தான். "தண்ணி நல்லாக் கீழை போட்டுது. மிசினும் கிழடு. நான் கொண்டுபோறன், வேறை எங்கையும் கேட்டுப் பாப்பம்."

கஜானி கிணற்றுக் கட்டில் கை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அது இழுக்கிறதில்லை. காத்துத் தள்ளுறது. தண்ணிக்கும் மிசினுக்கும் இடையிலை உயரம் கூடிப்போச்சு, அதுதான். மோட்டர் இருந்த இடத்திலை இறக்கி வைச்சால் கட்டாயம் வரும்."

குகதாசனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியொரு பெருமை.

"கேட்டியே சிமியோன்! உது சும்மா கதையில்லை. சோதினை திருத்தினவை எழுதின கதை. எடு கயித்தை."

கிணற்றின் பாதி ஆழத்தில் இரண்டு பனங்குற்றிகள் குறுக்கே போட்டிருந்தன. மோட்டர் அதில்தான் காலங்காலமாக இருந்தது. இரண்டு பேருமாகக் கயிற்றில் கட்டி மிசினை இறக்கினார்கள். குகதாசன் கல்லுப் படியால் இறங்கிக் குழாயைப் பூட்டினார். முதல் இழுவையிலேயே தண்ணீர் வந்தது. வாய்க்கால் நுரைத்துக்கொண்டு ஓடியது.

மோட்டருக்குப் புகையில்லை, மிசினுக்குப் புகையுண்டு. மூன்று பேரும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருவருக்கும் அந்த நேரம் மனதில் படவில்லை. மோட்டர் இருந்த இடம் என்பதால் மிசினுக்கும் அதுவே இடமென்று இருந்துவிட்டார்கள். இதை எழுதுகிற இந்த நிமிஷமும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாரில் என்று சொல்லத் தெரியவில்லை.

சிமியோன் தன் தோட்டத்துக்குப் போனான். கஜானி தண்ணி மாறினாள். வாடிய மிளகாய்க்கு அடியில் தண்ணீர் போய் நிற்பதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, கடைசிப் பாத்திக்கும் வந்திட்டுது!" என்று தூரத்தில் நின்று கத்தினாள். பதில் வரவில்லை. மிசின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தாள். அந்த நேரம் எண்ணெய் விடக் கானோடு இறங்கிய மனிதர் படியில் சரிந்து கிடந்தார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் தீர்ந்து மிசின் தானாக நின்றபோது, அப்பா நிப்பாட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மண்வெட்டியைக் கழுவினாள்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அவள் போட்ட கூக்குரலுக்கு முதலில் ஓடிவந்தது சிமியோன்தான். துவாயை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினான். குகதாசனைத் தோளில் போட்டு ஏற்றிவந்து கிணற்றுக் கட்டருகே கிடத்திவிட்டுத் தானும் விழுந்து வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனதற்கு ஒரு பலனும் இருக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி பொல்லாதவரல்ல. மெதுவாகத்தான் கேட்டார்.

"என்ன நடந்தது பிள்ளை?"

"அப்பா எண்ணெய் விட இறங்கினவர். மயங்கி விழுந்திட்டார்."

"மிசினை ஏன் கீழை இறக்கினது? ஆர் அப்பிடிச் சொன்னது?"

கஜானி வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற சிமியோன், "நான்தான் ஐயா சொன்னனான். மிசினும் என்ரை," என்றான்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

செத்தவீட்டில் இராசமலர் சிமியோனைப் பேசிய பேச்சு ஊர் முழுக்கக் கேட்டது. "என்ரை மனுசனைக் கிணத்துக்குள்ளை அனுப்பிப்போட்டு நீ உன்ரை தோட்டத்துக்குப் போனனீ என்னடா! உன்ரை கிழட்டு மிசினுக்கு என்ரை மனுசனோ காவு?" அதற்கு முதல் ஒரு நாளும் அவள் அவனைத் தம்பி என்ற சொல் இல்லாமல் கூப்பிட்டதில்லை. அவன் வாசல் படலையடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். உள்ளே தகப்பனின் காலடியில் இருந்த கஜானிக்கு எல்லாம் கேட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சிமியோன் வீட்டுக்குச் சொல்லவில்லை. வேலிக்கு மேலால் சட்டி போவதும் நின்றது. ஊரும் சும்மா இருக்குமா? "சிமியோன்ரை மிசின்" என்று சந்தையில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அவன் தன் மிளகாய்ச் சாக்கைச் சந்தையின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு ஒருவரோடும் கதைக்காமல் நிற்பான்.

மழை பிடித்தது. கிணற்றில் தண்ணீர் ஏறியது. பனங்குற்றிகளை மூடிக்கொண்டு மேலே வந்தது. குனிந்தால் கைக்கு எட்டும் போலிருந்தது. சோதினை தைக்கு என்று அறிவித்தார்கள். அருட்செல்வன் சேர் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்து, மாதிரி வினாத்தாள்களைத் தந்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார். கஜானி எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாள். ஒன்றையும் திறக்கவில்லை. அறிக்கையைத் திறந்தால் அந்தச் சிவப்புக் கோட்டில் கண் போய் நிற்கும். காரணம் கேட்ட இடத்தில் நடந்ததையே திருப்பி எழுதியவள் அவள். மயங்கி விழுந்திட்டார். அதுவா காரணம்?

பொங்கல் இல்லாத தை அது. சோதினைக்கு முதல் நாள் பத்து மணி போல் இராசமலர் முற்றத்தில் சாக்கை விரித்து விதை வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள். மனுசன் இல்லையென்று மண் காத்திருக்காது. கஜானி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"போய்ப் படியன். இது நான் பாப்பன்."

"நான் சோதினைக்குப் போகேல்லையம்மா."

"ஏன்?"

அவள் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தாள். விதை வெங்காயத்தை உரிக்கக்கூடாது. இராசமலர் அதை வாங்கி ஒரு பக்கம் வைத்தாள்.

"அம்மா, மிசினைக் கீழை இறக்கச் சொன்னது சிமியோன் மாமா இல்லை."

இராசமலரின் கை நிற்கவில்லை.

"நான்தான் சொன்னனான். அவர் தண்ணி வரேல்லை, கொண்டுபோறன் எண்டு வெளிக்கிட்டவர். நான்தான் மறிச்சு, மோட்டர் இருந்த இடத்திலை வைச்சால் வருமெண்டனான். நான் சொன்னது சரியம்மா. சோதினையிலை எழுதினால் முழுப் புள்ளியும் தருவினம். தண்ணியும் வந்தது." உரித்த தோலை விரலில் சுற்றினாள். "ரசாயனத்திலை எனக்கு 'பி'. காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு ஆளை என்ன செய்யுமெண்டு பாடமாக்கி எழுதினனான். மிசினாலை அதுதான் வரும், கிணத்துக்குள்ளை அது போக இடமில்லையெண்டு தெரிஞ்சவள் நான். தெரிஞ்சும் நினைக்கேல்லை."

இப்போது கை நின்றிருந்தது.

"விசாரிச்ச மனுசனுக்கு அவன்தானே சொன்னான், தான் சொன்னதெண்டு?"

"பொய் சொன்னவர். எனக்காண்டிச் சொன்னவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவரை ஏசினது எனக்குக் கேட்டது."

"அதை உனக்கு ஏசிப்போடுவன் எண்டு பயந்திட்டியோ?"

"ஓம்."

இராசமலர் மகளின் பக்கம் திரும்பினாள்.

"ஏசித்தான் இருப்பன்," என்றாள். "பொய் சொல்லக்கூடாது. அண்டைக்கு நீ சொல்லியிருந்தால் உன்னைக் கொன்றுபோட்டிருப்பன் பிள்ளை. எனக்கு ஆரையாவது ஏச வேணும் போலை இருந்தது. ஏசாட்டில் மூச்சு வந்திராது. அவன் நிண்டு வாங்கினான்."

கஜானி தாயின் முழங்காலில் முகத்தை வைத்தாள். இராசமலர் அவளைத் தடவவுமில்லை, தள்ளவுமில்லை.

"நீ சொன்னவுடனை கொப்பா என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர். 'கேட்டியே சிமியோன், சோதினை திருத்தினவை எழுதின கதை' எண்டவர்."

"சந்தோசமாயோ இறங்கினவர்?"

"ஓமம்மா. நல்ல சந்தோசமா."

அதைக் கேட்டுத்தான் இராசமலர் அழுதாள். செத்தவீட்டில் கத்தியதெல்லாம் கோபம். இது வேறு. சத்தமில்லாமல், தோள் குலுங்க, வெங்காயம் பிடித்த கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல் அழுதாள். அழுது முடிய மகளின் தலையில் அந்தக் கையை வைத்தாள்.

"உன்ரை படிப்பை நம்பி இறங்கின மனுசன். இப்ப அந்தப் படிப்பை நீ விட்டால், பிழையான ஆளை நம்பினவர் எண்டாகும். எனக்கு அதைத் தாங்கேலாது. நாளைக்குப் போ."

"என்னாலை ஏலாதம்மா."

"ஏலாதெண்டு தெரியும். ஏலாமல்தான் நானும் விடிய எழும்பி அடுப்பு மூட்டுறன்."

அவள் எழுந்து, கிணற்றடியில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சிமியோனின் வேலியடிக்கு நடந்தாள். கஜானி முற்றத்திலிருந்தே பார்த்தாள்.

"தம்பி! தம்பி சிமியோன்!"

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சிமியோன் சேட்டுப் போடாமல் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். ஆள் அரைவாசியாகிப் போயிருந்தான்.

"என்னக்கா?"

"பிள்ளை சொல்லிப்போட்டாள்."

அவன் வேலிக் கதியால் ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்ரா தம்பி அப்பிடிச் சொன்னனீ? ஊரெல்லாம் உன்னைத் திண்டுதே."

"படிக்கிற பெட்டையக்கா. அந்த வயசிலை அதைச் சுமந்துகொண்டு எப்பிடிப் போறது? என்ரை முதுகு மூட்டை தூக்கிப் பழகினது." கொஞ்சம் நிறுத்தினான். "அதோடை முழுப் பொய்யுமில்லை. கயித்தின்ரை ஒரு பக்கம் நானும் பிடிச்சனான்தானே."

இராசமலருக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வராது. வேலியில் படர்ந்திருந்த முசுட்டைக் கொடியைப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குச் சோதினை. பஸ்ஸை நம்பேலாது. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவியோ?"

"ஓமக்கா," என்றான் சிமியோன். இன்னொரு தரமும், "ஓமக்கா," என்றான்.

காலையில் மழை விட்டிருந்தது. சிமியோன் மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து படலையடியில் நிறுத்தினான். இராசமலர் புட்டைப் போடும்போது, எவ்வளவு என்று கேட்கவில்லை. கஜானி இரண்டு வாய் உண்டாள். சுவாமிப் படத்தையும், அதன் கீழே மாலை போட்டிருந்த தகப்பனின் படத்தையும் கும்பிட்டாள். பேனைகள், அனுமதி அட்டை, அடையாள அட்டை எல்லாவற்றையும் தாய் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுத்தாள்.

மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பப்போகும்போது இராசமலர் கூப்பிட்டாள்.

"பிள்ளை, நில்லு!"

சிமியோன் நிறுத்தினான். அவள் சேற்றில் கால் வைத்து ஓடிவந்தாள். வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறவள் போலிருந்தது.

"கொப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது, அந்த அலகு. அது என்ன சாமானெண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. எல்லாத்துக்கும் பின்னாலை மறக்காமல் எழுதிப்போடு, என்ன?"

"ஓமம்மா."

மழை விட்டுத்தான் இருந்தது. ஆனால் அச்சுவேலிச் சந்தி வருவதற்குள் சிமியோனின் சேட்டு முதுகுப்பக்கம் நனைந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளம் திட்டிகளைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக ஓடிக்கொண்டு போனான்.